ரயிலேறப் பயப்படும் சகோதரிக்கு

அம்பத்தூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மலக்குடலில் புற்று நோய் வந்து, ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. சில மாத காலம் வயிற்றில் கட்டியிருந்த பையையும் எடுத்துவிட்டார்கள். கவலை தீர்ந்தது என்று வீடு திரும்பினார். ஆனால் புதுக் கவலை அப்போதுதான் ஆரம்பித்தது. நாளைக்குப் பத்துத் தடவை போக வேண்டியிருக்கிறது. வந்தால் ஒரு நிமிஷம் தாங்காது. சில சமயம் புடவையும் பாழாகிவிடுகிறது. மின்சார ரயிலில் கழிவறை கிடையாதே என்று சென்ட்ரல் பக்கம் போவதை விட்டார். திருவேற்காடு அம்மன் கோயிலில் வரிசையில் நிற்கவும் பயம். மருமகளிடம் சொல்லச் சங்கோசம். உயிர் பிழைத்ததே போதும் என்று இருந்துவிட வேண்டியதுதானா என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. அப்படி இருக்க வேண்டாம்.

உயிர் பிழைப்பதே அரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் இதே மலக்குடல் புற்று நோயால்தான் காலமானார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவேயில்லை. அவருடைய விடாமுயற்சியால் 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்று நோய் ஆஸ்பத்திரி பிறந்தது. இன்று எத்தனையோ பேர் குணமாகி வீடு திரும்புகிறார்கள். திரும்பியவர்கள் நிம்மதியாக நடமாட வேண்டாமா?

உங்கள் சிரமத்துக்குக் காரணம் இதுதான். மலக்குடல் ஒரு தொட்டி போன்றது. மலத்தைச் சேர்த்து வைத்து, சௌகரியமான நேரத்தில் வெளியேற்றும். தொட்டியை எடுத்துவிட்டுக் குழாயை நேரே வாசலோடு இணைத்தால், கொஞ்சம் வந்தாலும் உடனே வெளியேறத்தானே பார்க்கும்? கதிர் வைத்தியமும் நடந்திருந்தால் தொந்தரவு சற்று அதிகமாகலாம். பெரும்பாலோருக்கு முதல் ஓராண்டில் இது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதற்கு நாமும் உதவலாம்.

இடுப்பின் அடியில், தூளித் துணி போல, ஒரு தசை எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் ஸ்திரீகளுக்காக அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இதற்கான பயிற்சியை விளக்கி எழுதினார். அதே பயிற்சி உங்களுக்கும் ஏற்றது. ஆனால் உள்ளே தையல் நன்றாக ஆறிவிட்டது என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

கல்யாணப் பந்தலில் நாலு பேர் நடுவே வாயு பிரியாமல் அடக்குகிறோமே, அப்போது மேல் நோக்கி இழுபடுவதுதான் அந்தத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து அதை மட்டும் இறுக்குங்கள். வயிறு, தொடை, பிருஷ்டம் எதுவும் இறுக வேண்டாம். மூச்சையும் பிடிக்க வேண்டாம். ஐந்து எண்ணும் வரை இறுக்கி, பத்து எண்ணும் வரை முழுவதும் தளர்த்துங்கள். இப்படிப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. காலையில் டிகாக்ஷன் இறங்கும் நேரமே ஒரு வேளைக்குப் போதும்!

அவசரம் வந்ததும் எழுந்து ஓடாதீர்கள். ஓடினால் பிடி தளரும். உட்கார்ந்தபடி தசையை இறுக்கி, நிதானமாக மூச்சு விடுங்கள். அலை சற்று அடங்கியதும் நடந்து போங்கள். எதைச் சாப்பிட்டால் தொந்தரவு கூடுகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பலருக்குக் காரமும் காப்பியும்தான் சத்துருக்கள்.

ஒரே வாரத்தில் பலன் தெரியாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பழையபடி ஆகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். சரியாகச் செய்கிறோமா என்ற சந்தேகம் வந்தால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். தசை இறுகுவதைச் சிறு கருவியின் மூலம் காட்டிப் பழக்குவார்கள். பயிற்சி போதாவிட்டால் வேறு வழிகளும் உண்டு. டாக்டரைக் கேட்கத் தயங்காதீர்கள். இரத்தம் தென்பட்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

மருமகளிடமும் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் கழிவறைக் கதவை யாரும் தட்டி அவசரப்படுத்த மாட்டார்கள்.

முதல் நாளே சென்ட்ரல் வேண்டாம். அடுத்த ஸ்டேஷனான திருமுல்லைவாயில் வரை ரயிலில் போய்த் திரும்புங்கள். மாற்றுப் புடவை ஒன்று பையில் இருக்கட்டும். போய் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.