கடிதங்களில் கண்ட படையெடுப்பு

மராட்டிய நாட்டிலே குடியேறி வாழும் நம் அன்பர்கள் சிலர், “சத்ரபதி சிவாஜி தமிழ்நாட்டுக்கு வந்ததுண்டா?” என்று வினவுவதுண்டு. வந்தார். 1677ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு திங்கள் தமிழ் மண்ணில் தங்கினார். எனினும் அவர் சென்ற வழியை நாம் அறிவது பெரும்பாலும் பிறர் எழுதிய கடிதங்களாலும் குறிப்புகளாலுமே. அவ்வாறு எழுதியவர்களுள் பலர் அவரைக் கண்டு அஞ்சியவர்கள் என்பதை மறத்தலாகாது.

இக்கடிதங்களை வரிசைப்படுத்துவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. சென்னைக் கோட்டை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியைப் பின்பற்றினர். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரோ புதியதைக் கைக்கொண்டனர். இரண்டுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு. மராட்டிய ஏடுகளிலோ திதிக் கணக்கும், 1674ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவிலிருந்து எண்ணும் புதிய சகமும் காணப்படும். இவற்றையெல்லாம் ஒரே கணக்கிற்குக் கொணராமல் அடுக்கினால், படைத்தலைவர் ஒரே நாளில் ஈரிடத்தில் நிற்பார்!

கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசனோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஸ்ரீசைலத்தை வழிபட்டுத் தெற்கே இறங்கினார் சிவாஜி. மே 14ஆம் நாள், பழைய கணக்குப்படி, அவருடைய கடிதத்தோடு அந்தணர் ஒருவர் சென்னைக் கோட்டைக்கு வந்தார் என்று அங்குள்ள ஆலோசனைச் சபையின் குறிப்பு கூறுகின்றது. அக்கடிதம் பீரங்கி கேட்கவில்லை; நஞ்சு முறிக்கும் மருந்தும் உடலுக்கு வலிவூட்டும் கற்களுமே கேட்டது. கவர்னர் லாங்ஹார்ன் தலைமையிலிருந்த சபை அவற்றைப் பழங்களோடு அன்பளிப்பாகவே அனுப்பி வைத்தது. வணிகர் விலை வேண்டாமென்றால், அவர்தம் அச்சத்தின் அளவை நாமே உணர்ந்துகொள்ளலாம். செப்டம்பரில் வாணியம்பாடியிலிருந்து வந்த கடிதமோ கோட்டை வேலையில் வல்ல பொறியியலாளரைக் கேட்டது. இம்முறை ஆங்கிலேயர் பணிவான சொற்களால் மறுத்துவிட்டனர். வேலூர்க் கோட்டை அப்போதும் முற்றுகையில்தான் இருந்தது. 1678ஆம் ஆண்டில்தான் பணிந்தது. செய்தி சொல்லும் கடிதத்தைவிடப் பொருள் கேட்கும் கடிதமே நம்பத்தக்கது என்பது எம் கருத்து. எழுதியவருக்கு அன்று என்ன குறை என்பதை அது தன்னையறியாமல் காட்டிவிடுகின்றது.

செஞ்சி விரைவில் வீழ்ந்தது. அங்கே பழைய சுவர்கள் இடிக்கப்பட்டுப் புதிய அரண்கள் எழுந்ததைப் பாதிரியார் ஆந்திரே பிரெய்ரே 1678இல் எழுதிய கடிதம் வியந்து கூறும். புதுச்சேரியில் பிரான்சுவா மார்த்தேன் கவலையோடிருந்தார். அவருக்கு ஆதரவளித்து வந்த ஷேர்கான் லோடி தோல்வியுற்றார். ஆகவே மார்த்தேன் தம்மவரான ஜெர்மேனைக் கொள்ளிடக் கரைப் பாசறைக்குத் தூதனுப்பினார். மார்த்தேன் பதிந்துவைத்த செய்தி இதுவே: பாசறையில் ஆடம்பரமில்லை, பெண்டிரில்லை; முரட்டுத் துணியாலான இரண்டே சிறு கூடாரங்கள், ஒன்று தலைவருக்கு, மற்றொன்று அமைச்சருக்கு. நாடகங்களில் நாம் காணும் அரியணைக் காட்சி எங்கே, இது எங்கே!

அப்பாசறை இருந்த இடம் திருமழபாடி. தஞ்சையை ஆண்ட ஏகோஜி, ஒரு தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த தம்பி, 1677 ஜூலையில் அங்கு வந்தார். தந்தை ஷாஜி மறைந்தது 1664இல். அவர் விட்டுச் சென்ற தென்னாட்டு உடைமையில் தமையனார் பங்கு கேட்டார். தம்பி சில நாள் விருந்தினராயிருந்து, ஓரிரவு ஆற்றைக் கடந்து தஞ்சைக்கு ஓடிவிட்டார். இடையே நிகழ்ந்த பேச்சு யாது? பின்னர்ச் சிவாஜி தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்றுண்டு. பதின்மூன்று ஆண்டு நீ ஒருவனே அனுபவித்தாய் என்பது அதன் சாரம். அது தமையன் பக்கத்து வழக்கு. பங்காளிகளின் கடிதத்தைப் படிப்பது எப்படியென்று நம் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பரில் சிவாஜி மைசூர் மேட்டுநிலம் ஏறினார். அதே மாதத்தில் ஏகோஜி, அண்ணன் விட்டுச்சென்ற படையைத் தாக்கித் தோற்றார். பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. தஞ்சை அவரிடமே நின்றது. அவர் மரபினர் 1855 வரை அங்கிருந்தனர். சிவாஜியின் இறுதிக் காலக் கடிதம் ஒன்றும் ஏகோஜிக்கே எழுதப்பட்டது. தம்பி மனமுடைந்து, துறவி போல் ஒதுங்கியிருப்பதாகக் கேள்வியுற்றாராம். துயரை விடு, படையைச் சும்மா இருக்கவிடாதே, செயலில் இறங்கு என்று அதில் எழுதினார்.