கேட்கும் உரிமை கேப்டனுக்கு உண்டு

லூனாஸ், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் வலைப்பந்து ஆட்டம் முடிந்த பிறகு, கோல்களைவிட அதிகமாகப் பேசப்படுவது நடுவரின் விசில். "நம்ம பிள்ளைங்களைப் பார்த்தாலே ஊதுறாரு" என்ற முணுமுணுப்பு திடலில் தொடங்கி, வாட்ஸ்அப் குழுவில் இரவு வரை நீள்கிறது. அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் நேராகத் திடலுக்கு வரும் அம்மாக்களின் கோபம் அது. ஆனால் அந்தக் கோபத்தில் பெரும்பகுதி விதி தெரியாததால் வருகிறது. அதைவிட வருத்தமானது, கேட்க உரிமை பெற்ற ஒரே ஒருத்தி அங்கே வாய் திறக்காமல் நிற்பது. அவள் பன்னிரண்டு வயதுக் கேப்டன்.

கடைசி விநாடி கோலை எடுத்துக்கொள்வோம். கோல் எறிபவளைக் குறிக்கும் 'ஜி.எஸ்.' எழுத்து போட்ட பிப் அணிந்த பிள்ளை பந்தை எறிகிறாள். பந்து காற்றில் இருக்கும்போதே விசில் ஒலிக்கிறது. பந்து அழகாக வளையத்துக்குள் இறங்குகிறது. ஒரு பக்கம் துள்ளிக் குதிக்கிறது. நடுவர் கோல் இல்லை என்று கையசைக்கிறார். அடுத்த நிமிடம் திடலே இரண்டுபடுகிறது. கூடைப்பந்தில் நேரம் முடிவதற்குள் கையைவிட்டுப் போன பந்து உள்ளே விழுந்தால் புள்ளி உண்டு. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பச்சை அநியாயமாகத் தெரியும். வலைப்பந்தின் விதி வேறு. நேரக்காப்பாளர் நேரம் முடிந்ததை நடுவருக்குத் தெரிவிப்பார். ஆட்டத்தை முடித்து வைப்பது நடுவரின் விசில். அந்த விசிலுக்கு முன் பந்து வளையத்தை முழுவதுமாகக் கடந்திருக்க வேண்டும். நேரம் முடியுமுன்பே தண்டனை எறிதல் வழங்கப்பட்டிருந்தால் மட்டும் அதை எடுக்க விடுவார்கள். இதை முன்கூட்டியே அறிந்த குழு, கடைசிப் பத்து விநாடியில் எறியத் தயங்காது. அறியாத குழு எறிவதைத் தள்ளிப்போட்டு, பிறகு அழுதுகொண்டே பேருந்தில் ஏறும்.

பந்தோடு நடந்துவிட்டாள் என்ற பொருளில் 'ஸ்டெப்பிங்' என்று வெளியிலிருந்து எழும் கூச்சலும் பாதி நேரம் தவறானது. பந்தைப் பிடித்து ஒரு காலில் இறங்கியவள் அந்தக் காலைத் தூக்கலாம். தூக்கிய காலை மீண்டும் தரையில் வைப்பதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவர் பார்ப்பது கால் மறுபடி தரையைத் தொடும் அந்தக் கணத்தை. நாம் கத்துவதோ கால் தூக்கிய உடனே.

தடுத்து நிற்பதில் வரும் சச்சரவு இன்னும் சிக்கலானது. பந்து வைத்திருப்பவளிடமிருந்து தடுப்பவள் 0.9 மீட்டர், அதாவது மூன்றடி, தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரம் தரையில் அளக்கப்படுகிறது: பந்து வைத்திருப்பவள் முதலில் இறங்கிய காலிலிருந்து தடுப்பவளின் அருகிலுள்ள கால் வரை. பெற்றோர் பார்ப்பது கைகளை. கை எவ்வளவு நீண்டாலும், மூன்றடிக்கு வெளியே நின்று நீட்டினால் பந்தைத் தடுக்கலாம், எம்பிக் குதிக்கவும் செய்யலாம். குதித்து மூன்றடிக்குள் இறங்கி எறிதலுக்கு இடையூறு செய்தால்தான் விசில். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்காக கோல் வளையத்தின் அடியில் நின்றபோது, இரண்டு மீட்டரையும் தாண்டிய அவருடைய உயரத்தை எந்த நாட்டுத் தடுப்பாளராலும் முறையிட்டுக் குறைக்க முடியவில்லை. 2011 சிங்கப்பூர் உலகப் போட்டியில் சிறந்த கோல் எறிபவராக அவர் தேர்வானார். உயரம் விதிமீறல் ஆகாது. நம் பிள்ளையைவிட ஒரு தலை உயரமான எதிரணிப் பிள்ளையைப் பார்த்து வயதுச் சான்றிதழ் கேட்கும் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தடுத்தலுக்குத் தரப்படும் தண்டனைக்கு இன்னொரு முகமும் உண்டு. தடுத்தலுக்கோ மோதலுக்கோ விசில் ஊதப்பட்டால், தவறு செய்தவள் எறிபவளுக்குப் பக்கத்தில் விலகி நின்று, பந்து எறியப்படும் வரை ஆட்டத்தில் கலக்காமல் இருக்க வேண்டும். வயது வந்த வீராங்கனைக்கு அது இரண்டு மூன்று விநாடி விஷயம். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு அது எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்தது போல. ஏன் நிற்கிறோம் என்று புரியாமல் நிற்கும் பிள்ளையின் முகம் சுண்டிப்போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு அவள் அந்த ஆட்டத்தில் யாரையும் நெருங்கித் தடுக்கவே மாட்டாள். நடுவர் என்ன தவறு, என்ன தண்டனை, எந்த இடம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது ஆட்ட விதியிலேயே இருக்கிறது. நம் வட்டாரப் போட்டிகளில் பல நேரம் விசிலும் ஒரு கைச்சைகையும்தான் கிடைக்கின்றன. பெற்றோரின் குறைகளில் இது ஒன்று முற்றிலும் நியாயமானது.

விதி பற்றிய குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். வலைப்பந்துக்கு எல்லா நாடும் ஏற்ற ஒரே விதிப்புத்தகம் அமைந்ததே பிற்காலத்தில்தான். இங்கிலாந்தில் கூடைப்பந்திலிருந்து பிரிந்து வளர்ந்த இந்த ஆட்டத்தை நாட்டுக்கு நாடு வெவ்வேறு முறையில் ஆடினார்கள். 1960-இல் இலங்கையில் கூடித்தான் விதிகளை ஒன்றாக்கி அனைத்துலகச் சம்மேளனத்தை அமைத்தார்கள். அதன்பின் அந்தப் புத்தகம் பலமுறை திருத்தப்பட்டது. 2016-இல் ஒரு பெரிய திருத்தம், 2024 ஜனவரியில் இன்னொன்று. பத்து வருடத்துக்கு முன் பயிற்சி பெற்ற நடுவரும், அண்மையில் பயிற்சி பெற்ற பயிற்றுநரும் ஒரே திடலில் இரண்டு விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு நிற்கலாம். இரண்டு பேரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் சண்டை வரும்.

அந்தப் புத்தகம் கேப்டனுக்குத் தந்த உரிமைக்கு வருகிறேன். நடுவரின் முடிவே இறுதியானது. அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. ஆனால் இடைவேளையிலோ ஆட்டம் முடிந்த பிறகோ ஒரு விதியைப் பற்றி நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை கேப்டனுக்கு உண்டு. பயிற்றுநரின் பெயரோ பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரின் பெயரோ அந்த இடத்தில் இல்லை. கிரிக்கெட்டில் 2008-இல் இலங்கை–இந்தியா டெஸ்ட் தொடரில்தான் நடுவரின் முடிவைக் காணொளியில் மறுபரிசீலனை செய்யும் முறையை முதலில் சோதித்துப் பார்த்தார்கள். இன்று கேப்டன் கையால் 'டி' காட்டுவதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. வலைப்பந்துக் கேப்டனிடம் காணொளி இல்லை; கேள்வி இருக்கிறது. நாம் அதையும் அவளிடமிருந்து பிடுங்கி, திடலுக்கு வெளியே நின்று நாமே கத்துகிறோம்.

பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்பது நல்ல பழக்கமா என்று சிலர் கேட்பார்கள். தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் திடல் என்றால் ஆண்களின் கால்பந்துத் திடல். பெண் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். அந்தத் திடலுக்குள் அவளை அழைத்து வந்தது பள்ளி வலைப்பந்துதான். அதில் கேப்டனாக நிற்பவளுக்கு, அவள் வாழ்க்கையில் முதன்முதலாக, எழுத்தில் தரப்பட்ட ஓர் அதிகாரம் இருக்கிறது. "சிகு (ஆசிரியரே), நான் முதலில் இறங்கிய கால் எது என்று சொல்ல முடியுமா?" என்று இடைவேளையில் தெளிவான மலாயில் கேட்கக் கற்றுக்கொண்டவள், பின்னாளில் சம்பளச் சீட்டைப் பார்த்தும் மருத்துவமனை முகப்பிலும் கேட்பாள். அடக்கம் என்ற பெயரில் அவளை வாயடைக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நடுவர்கள் பக்கமும் பேச வேண்டும். மாவட்டப் போட்டிகளில் விசில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். வெயிலில் ஒரு நாளில் ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக ஓடுகிறார்கள். இரண்டு நடுவர்களும் ஆளுக்குப் பாதித் திடலைப் பார்க்க வேண்டும்; ஒருவர் சோர்ந்தால் அந்தப் பாதியில் விதியே சோர்ந்துவிடும். 2011-இல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' கொள்கை வந்தபின் ஆடும் பிள்ளைகளுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியையாவது நடுவர் பயிற்சிக்குக் கொடுத்தோமா? 150-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள நம் சிறிய பள்ளிகளில், ஏழு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளும் பிப் அணிகிறார்கள். விதி கற்றுத் தர ஆசிரியருக்கு நேரம் எங்கே மிஞ்சுகிறது? பள்ளியில் ஆடிவிட்டு இடைநிலைப்பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்திய இளம்பெண்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை நடுவர் பயிற்சிக்கு அனுப்பும் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கூடி ஏற்கலாம். பரிசளிப்பு விழாக் கூடாரத்துக்கு ஆகும் செலவைவிட அது அதிகமாக இருக்காது.

கேப்டனின் கேள்வியைத் தவிர, போட்டி ஏற்பாட்டாளரிடம் எழுத்துப்பூர்வ ஆட்சேபம் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. வழக்கமாகக் குழு நிர்வாகி குறித்த நேரத்துக்குள் வைப்புத்தொகையோடு அதைக் கொடுக்க வேண்டும். வயது, பதிவு, விதியைத் தவறாகப் பயன்படுத்தியது போன்றவற்றுக்குத்தான் அது பயன்படும்; மோதினாளா இல்லையா என்ற நடுவரின் கணிப்பை அது மாற்றாது. இந்த வேறுபாடு புரியாமல் கோபத்தில் எழுதப்படும் ஆட்சேபம் தள்ளுபடியாகும்போது, "பார்த்தீர்களா, எல்லாம் ஒரு கூட்டு" என்ற பேச்சு மேலும் வலுக்கிறது.

போட்டிக்கு முன் நடக்கும் குழு நிர்வாகிகள் கூட்டத்தில், இரண்டு பாதியா நான்கு கால்பகுதியா, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், சமநிலை வந்தால் என்ன என்பதெல்லாம் பெரும்பாலும் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. அடுத்த பருவத்தில் அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் தன் கேப்டனையும் அழைத்துவர வேண்டும். விதிமாற்றங்களை ஒரு பக்கத் தாளில் அச்சடித்து, ஆசிரியர் கையில் கொடுக்குமுன் அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். புரியாததை அவள் அங்கேயே கேட்கட்டும். அன்றைய நடுவர்கள் அவளுக்கு நேராகப் பதில் சொல்லட்டும்.