கறுப்புத் துணியும் மூன்றாம் மாடியும்

அம்பிட்டியாவிலிருந்து ஒரு சகோதரியார் எமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கின்றார். காலஞ்சென்ற அவருடைய கணவர் கண்டி நகரிற் கடை வைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் மலைச்சரிவில் இரண்டு மாடி வீடொன்று கட்டினார். இப்பொழுது மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கின்றது. மேலே ஒரு மாடி எழுப்பித் தங்கைக்குக் கொடுக்க வேண்டுமென்பது மூத்த மகனின் விருப்பம். கீழ்த்தளத்துத் தூண்கள் இரண்டிலே வெடிப்புக் கண்டிருப்பதைத் தாயார் சுட்டிக்காட்டியபொழுது, வேலையை ஏற்க வந்த ஒப்பந்தக்காரர், “அம்மா பயப்பட வேண்டாம். காபன் நார்த் துணியைச் சுற்றி ஒட்டிவிட்டால் தூண் இரும்பாகிவிடும். மூன்று மாடியென்ன, நான்கு மாடியும் தாங்கும்” என்றாராம்.

“துணி சுற்றினால் தூண் பலப்படுமா? இதை நம்பி என் பிள்ளைகளை அந்த வீட்டில் உறங்கவிடலாமா?” என்பது சகோதரியாரின் கேள்வி.

இந்த வாரம் இதற்கே விடை கூறுவோம். மலைச்சரிவிலே வீடு கட்டி வாழும் குடும்பங்கள் பல இருப்பதால், இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று.

முதலில், ஒப்பந்தக்காரர் சொன்னதில் உள்ள உண்மையைச் சொல்லிவிடுவோம். காபன் நார் என்பது ஏமாற்று வித்தையன்று. 1879 ஆம் ஆண்டில் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி மின்விளக்குக்கு இழை செய்தார். அவ்விழை எளிதில் ஒடியக்கூடியது. உறுதியான இழை பிறக்க மேலும் எண்பது ஆண்டுகள் சென்றன. 1958 இல் அமெரிக்காவில் ரொஜர் பேக்கன் என்பார் அத்தகைய இழையை ஆய்வுகூடத்திற் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானின் ஒசாகா நகரில் அக்கியோ ஷிண்டோ என்பார் செயற்கை நூலிலிருந்து அதைச் செய்யும் வழியை வகுத்தார். நுவரெலியாக் குளிருக்கு நாம் அணிகின்றோமே, அக்ரிலிக் நூற் சட்டை, அந்த இனத்து நூலே இதற்கும் மூலப்பொருள். அதனை இழுத்துப் பிடித்துச் சூடாக்கிப் பின்னர், காற்றுப் புகாத உலையில் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் கரியாக்குகின்றார்கள். எஞ்சும் இழை நம் தலைமயிரிற் பத்தில் ஒரு பங்கு பருமனுடையது. எடையோ இரும்பின் எடையில் நாலில் ஒரு பங்குக்குங் குறைவு. இழுவிசையைத் தாங்கும் ஆற்றலிலோ, வீடுகளுக்கு நாம் இடும் கம்பியைப் போல ஏழெட்டு மடங்கு.

இனி, இது கொங்கிறீற்றுக்கு எவ்வாறு உதவுகின்றதென்று பார்ப்போம். கொங்கிறீற்று அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பலகை வாங்கொன்றில் இருவர் அமர்ந்தால் பலகை சற்று வளைகின்றது. அதன் மேற்புறம் அமுங்குகின்றது, அடிப்புறம் இழுபடுகின்றது. வீட்டின் விட்டமும் அவ்வாறே. ஆகவேதான் அதன் அடிப்பாகத்திற் கம்பி இடுகின்றோம். கம்பி போதாதென்று பின்னர் தெரிந்தால், அடிப்புறத்திலே பசை பூசிக் காபன் நார்ப் பட்டியை ஒட்டி, வெளியிலிருந்தே இழுவையைத் தாங்கச் செய்யலாம்.

தூணின் கதை வேறு. நிலத்திற் கொட்டிய அரிசியின் மேல் பாரம் வைத்தால் அது நாற்புறமும் சரிந்துவிடும். அதே அரிசியை மூடையாகக் கட்டினால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மூடைகளை அடுக்கலாம். அரிசியைப் பக்கவாட்டிற் சரியவிடாமல் சாக்கு இறுக்கிப் பிடிப்பதே காரணம். பாரம் மிகும்பொழுது தூணும் பக்கவாட்டிற் பிதுங்கி வெடிக்கவே முயல்கின்றது. சுற்றிய நார்த்துணி சாக்கைப் போல அதனைப் பிடித்துக்கொள்கின்றது. வட்டத் தூணில் இது நன்றாக வேலை செய்யும். சதுரத் தூணில் அவ்வளவு பயன் தராது. சதுரத் தூணின் கூரிய மூலைகளைக் குறைந்தது அரை அங்குல ஆரைக்கு உருட்டிய பின்னரே துணி சுற்ற வேண்டும். இல்லையேல் மூலையே நாரை அறுத்துவிடும்.

1960களில் இதே நோக்கத்துடன் இரும்புத் தகடுகளை ஒட்டி வந்தார்கள். அவை பாரமானவை, துருவும் பிடிப்பவை. சுவிற்சர்லாந்தின் எம்பா ஆய்வுநிலையத்திலே ஊர்ஸ் மையர் என்பார் 1980களில் காபன் நாரைச் சோதித்தார். 1991 இல் லூசேர்ன் நகர்ப் பக்கத்தில் இபாக் பாலத்திலே சமிக்ஞை விளக்குப் பொருத்தத் துளையிட்டபொழுது, உள்ளேயிருந்த முறுக்குக் கம்பிகள் அறுபட்டன. 175 கிலோ இரும்பு வேண்டிய இடத்தில் 6.2 கிலோ காபன் நார்ப் பட்டிகளை ஒட்டி அப்பாலத்தைச் செப்பனிட்டார்கள். 1995 ஜனவரியில் கோபே நகரைப் பூகம்பம் குலைத்த பின்னர், ஜப்பானில் எண்ணற்ற தூண்களுக்கு நார்த்துணி சுற்றப்பட்டது. நம் நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் இத்துணியும் பசையும் வெப்பத்தில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை ஆராய்ந்துள்ளார்கள்.

ஆயின், சகோதரியாரே, மருந்து நல்லதென்பதற்காக எல்லா நோய்க்கும் அதையே கொடுக்கலாமா?

உங்கள் தூணிலே வெடிப்பு ஏன் வந்தது? ஒப்பந்தக்காரர் இதைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. உள்ளேயுள்ள கம்பி துருப்பிடித்துப் பருத்து வெடிப்பு வந்திருந்தால், மேலே துணி சுற்றுவது புண்ணைக் கழுவாமற் கட்டுப்போடுவதையே ஒக்கும். துரு உள்ளே வளர்ந்துகொண்டேயிருக்கும். நீர்க்கசிவை நிறுத்திச் சிதைந்த கொங்கிறீற்றை அகற்றிக் கம்பியைத் துப்புரவாக்கிப் புதுக் கலவை இட்ட பின்னரே ஒட்டு வேலைக்கு இடமுண்டு. அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கி வெடிப்பு வந்திருந்தால், எத்தனை சுற்றுச் சுற்றியும் பயனில்லை.

இரண்டாவது, பசை. நார் எவ்வளவு உறுதியாயினும் பசை விட்டால் எல்லாம் விட்டது. ஒட்டும் பரப்பு உலர்ந்திருத்தல் வேண்டும். மார்கழி மழையிலும் காலைப் பனியிலும் நம் கண்டிச் சுவர்கள் எவ்வளவு ஈரமாயிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ஒட்டிய பின் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால், காற்று அடைபட்ட இடம் வெறுங்கலத்தைப் போல ஒலிக்கும். மேலும், இவ்வகைப் பசைகளிற் பல 60 முதல் 80 பாகை சென்ரிகிறேட் வெப்பத்திலேயே இளகத் தொடங்கிவிடும். தீ விபத்து நேர்ந்தால் துணியின் பலம் முதலிலே போய்விடும்.

மூன்றாவது, கம்பி முறியுமுன் நீண்டு வளைந்து எச்சரிக்கை தரும். காபன் நாரோ அவ்வாறு இளகிக் கொடுப்பதில்லை. எல்லை கடந்தால் சட்டென அறுந்துவிடும். ஆகையால் பொறியியலாளர்கள் ஒரு விதியைக் கைக்கொள்கின்றார்கள்: துணி முற்றாகக் கழன்று விழுந்தாலும் கட்டடம் தன் அன்றாடப் பாரத்தோடு விழாமல் நிற்க வேண்டும். துணியை நம்பியே நிற்கும் கட்டடம் கட்டடமன்று.

எல்லாவற்றிலும் பெரியது நான்காவது. மேலே ஒரு மாடி ஏற்றினால் அந்தப் பாரமெல்லாம் தூண் வழியே இறங்கி அத்திவாரத்தை அடைந்து மண்ணையே சேரும். மண்ணுக்கு யார் துணி சுற்றுவது? 2020 செப்டெம்பர் 20 ஆம் திகதி விடியற்காலையிற் பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து, ஒரு பச்சிளங் குழந்தையும் அதன் பெற்றோரும் மாண்டதைக் கண்டி மக்கள் மறந்திரார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஆகஸ்ட் 29 இல், திகனைப் பகுதியிலே சிறு நில அதிர்வு உணரப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் கொண்டுவந்த மழையிற் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பல சரிந்து, பெரும் உயிர்ச்சேதம் விளைந்தது. இந்த மண்ணை அறியாது அதன்மேல் பாரம் ஏற்றுதல் தகாது.

ஆகவே எமது யோசனை இதுதான். ஒப்பந்தக்காரருக்கு முற்பணம் கொடுக்குமுன், அவரோடு தொடர்பில்லாத பட்டயப் பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். கணவர் வைத்துச் சென்ற வீட்டுப் படங்கள் இருந்தால் தேடி எடுத்துக் கொடுங்கள். தூணிலுள்ள கம்பி எவ்வளவு, கொங்கிறீற்றின் தரம் எத்தகையது என்பவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். அத்திவாரத்தருகே குழி தோண்டிப் பார்ப்பதற்கும் தயங்க வேண்டாம். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டட வேலை தொடங்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெறுதல் வேண்டும். அதன் பின்னர் மாநகர சபையின் அல்லது பிரதேச சபையின் அனுமதி. இவை வீண் அலைச்சல் என்று உங்கள் மகன் எண்ணுவாராயின், இப்பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஆராய்ந்து பார்த்த பின், இருக்கும் இரண்டு மாடிகளையும் உறுதிப்படுத்தத் துணி சுற்றுவதே தகுமென்று பொறியியலாளர் சொன்னால், தாராளமாகச் செய்யுங்கள். தந்தையார் கட்டிய வீடு இன்னும் பல ஆண்டு நிற்கும். மூன்றாம் மாடி வேண்டாமென்று அவர் சொன்னாலோ, அதையும் நன்மையென்றே கொள்ளுங்கள். மகளுக்கு வேறிடத்தில் வீடு பார்க்க முடியும். தங்கை நலமாக வாழ வேண்டுமென்ற அண்ணனின் ஆசை நல்ல ஆசை. அந்த ஆசையே அவளுடைய தலைமேற் பாரமாகிவிடலாகாது.