பலகைக்கு முன்னே பாலத்தில் நின்றவர்கள்

கனடாவில் 401-ஆம் நெடுஞ்சாலை என்று ஒன்று உண்டு. ஆப்கானிஸ்தான் போரில் மாண்ட கனடிய வீரர்களின் சடலங்கள் டிரெண்டன் விமானத் தளத்தில் இறங்கி, அந்தச் சாலை வழியாகத்தான் டொராண்டோ போய்ச் சேர்ந்தன. 2002 முதல் ஊர் ஜனங்கள் சாலைக்கு மேலுள்ள பாலங்களில் கொடி பிடித்து நின்று மரியாதை செய்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. பிறகு மனு எழுதிக் கையெழுத்துச் சேர்த்தார்கள். 2007-இல் ஒண்டாரியோ அரசாங்கம் சுமார் 170 கிலோமீட்டர் தூரத்துக்கு ‘மாவீரர் நெடுஞ்சாலை’ என்று பேர் வைத்தது.

தோழர்களே, கவனியுங்கள்! பலகை நட்டது அரசாங்கம். பேரை வாங்கிக் கொடுத்தது பாலத்தில் நின்ற சாதாரண ஜனம்.

நம்ம கதை என்ன? 1942-இலும் 43-இலும் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் பிடித்துப் போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காஞ்சனாபுரியில் நேச நாட்டுப் படைவீரர்களுக்குப் பேர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்ம தாத்தாமாரில் பெரும்பாலோருக்குப் பேர் எழுதின கல்லே கிடையாது.

துப்பாக்கி பிடித்தவன் உயிர் பெரிசு, மண் வெட்டினவன் உயிர் சிறிசா? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, போனவர் பேரையும் தோட்டத்தின் பேரையும் எழுதி வையுங்கள். பட்டியல் இல்லாமல் மனு இல்லை. மனு இல்லாமல் பலகை இல்லை!