பொம்மைகள் பாடிய ஆல்பமா இது?

"அவங்க பாட்டை அவங்களா எழுதுறாங்க? யாரோ எழுதிக் கொடுக்கிறதை ரெண்டு பொண்ணுங்க நின்னு பாடுது. இதெல்லாம் ராக்கா?"

பஃபி என்று வாயெடுத்தாலே இந்தப் பல்லவி ஆரம்பித்துவிடுகிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இன்று இதை ஒரு கை பார்த்துவிடுவோம்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அமி ஓனுகி, யுமி யோஷிமுரா என்ற இரண்டு ஜப்பானியப் பெண்கள்தான் பஃபி. 1996-இல் 'ஆசியா நோ ஜுன்ஷின்' பாட்டோடு வந்தார்கள். வரிகள் யோசுய் இனோவே, இசை தாமியோ ஒகுடா. அமெரிக்காவில் பஃப் டாடியோடு பெயர்க் குழப்பம் வேண்டாமென்று 'பஃபி அமியுமி' ஆனார்கள்.

நான் வக்காலத்து வாங்குவது 2003-இல் வந்த 'நைஸ்' ஆல்பத்துக்கு. எதிர்க்கட்சிக்கு அல்வா சாப்பிடுவது மாதிரியான ஆல்பம். காரணம், ஆண்டி ஸ்டர்மர். ஜெல்லிஃபிஷ் என்ற அமெரிக்கக் குழுவில் டிரம்ஸும் வாசித்து, முக்கியப் பாடகராகவும் இருந்தவர். 'பஃபி' என்று பெயர் வைத்ததே அவர்தான். 'நைஸ்' ஆல்பத்தைத் தயாரித்து, பெரும்பாலான மெட்டுகளைப் போட்டதும் அவரே. "அப்புறம் இவங்க எதுக்கு?" என்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

ஜெல்லிஃபிஷின் 'ஸ்பில்ட் மில்க்' (1993) ஆல்பத்தைக் கேளுங்கள். கல்யாணப் பந்தல் ஜோடனை மாதிரி குரல் மேல் குரலாக இழைத்திருப்பார்கள். பிறகு 'நைஸ்' கேளுங்கள். அதே மனிதரின் கைவண்ணம்தான், ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தக் காற்று எங்கிருந்து வந்தது? அமியும் யுமியும் பெரும்பாலும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடுகிறார்கள். அலட்டல் இல்லை, உச்சஸ்தாயி வித்தை இல்லை. சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நண்பனைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரே ஒரு பாட்டை அப்படிப் பாடிப் பாருங்கள். பக்கத்து அறைக்காரன் செருப்போடு வருவான் :-)

எல்விஸ் பிரெஸ்லி பாடியதெல்லாம் பிறர் எழுதிக் கொடுத்ததுதான். ஃபிராங்க் சினாட்ராவுக்கும் பெரும்பாலும் அப்படியே. அவர்களை யாராவது பொம்மை என்றார்களா? எல்விஸுக்கு ராஜா பட்டமே கொடுத்தார்கள். ஆண் பாடினால் கலைஞன், பெண்கள் பாடினால் தலையாட்டிப் பொம்மைகளா? என்ன சார் கணக்கு இது?

அசல் பொம்மை வேலை வேறு இடத்தில் நடந்தது. 2004-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இவர்களை வைத்து 'ஹாய் ஹாய் பஃபி அமியுமி' என்று ஒரு தொடரே போட்டது. அதில் கார்ட்டூன் அமி, யுமிக்குக் குரல் கொடுத்தது வேறு இருவர். நிஜமான இருவரும் ஆரம்பத்திலும் முடிவிலும் கொஞ்ச நேரம் தலைகாட்டுவார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ஆல்பத்தை எடை போடுகிறவர்களிடம் ஒன்று சொல்கிறேன். கார்ட்டூனில் உருவம் அவர்களுடையது, குரல் இரவல். ஆல்பத்தில் மெட்டு இரவல், குரல் அவர்களுடையது.

'நைஸ்' குறையே இல்லாத ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். ஒரே மூச்சில் கேட்டால் சில பாட்டுகள் ஒன்றுபோலவே ஓடும். அந்தக் குறையைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாட்டு யாருடையது என்பதை உறையின் பின்பக்கத்தில் தேடாமல், காதில் தேடுங்கள்.