வீடு தர்மமா? உரிமையா?

அமெரிக்க முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு ஒரு படத்தின் மீது தீராத மோகம். புது வீட்டு வாசலில் ஒரு தாய் நிற்கிறாள். துணையின்றித் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தொழிலாளிப் பெண். கையில் சாவி, கண்ணில் நீர். சுற்றிலும் சுத்தியலும் பிரஷ்ஷுமாகத் தொண்டர்கள். உழைத்தால் எங்கள் நாட்டில் யாருக்கும் வீடு உண்டு என்று இந்தப் படத்தைக் காட்டி மார் தட்டுகிறார்கள் டாலர் தேசத்துப் பிரபுக்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தத் தாயின் மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டின் ஒவ்வொரு பலகையும் அவள் பாடுபட்டுப் பெற்றது. விடுமுறை நாளில் வந்து ஆணி அடித்த தொண்டர்கள் மீதும் குறை இல்லை. நம் வழக்கு வேறு ஆட்கள் மீது!

இந்தப் பணியில் பெயர் பெற்றது ‘ஹேபிட்டட் ஃபார் ஹ்யூமானிட்டி’ என்ற கிறிஸ்தவ ஸ்தாபனம். ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் நகரில் 1976-இல் மில்லர்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் தொடங்கியது. 1984 முதல் மாஜி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே இதற்காகச் சுத்தியல் பிடித்தார். 90 வயது தாண்டியும் விடவில்லை. வீடு இனாம் அல்ல. கேட்பவளுக்குத் தேவை இருக்கவேண்டும், தவணை கட்ட வருமானமும் இருக்கவேண்டும். அதற்கு மேல் சில நூறு மணி நேரம் அவளே வேலை செய்யவேண்டும். விலையில் லாபம் கிடையாது; ஆரம்ப காலத்தில் கடனுக்கு வட்டியே கிடையாது. அவள் கட்டும் தவணை அடுத்த வீட்டுக்குப் போகிறது.

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள். வீட்டு வியாபாரியின் லாபத்தையும் பாங்கியின் வட்டியையும் கழித்தவுடன் ஏழைத் தாய்க்கு வீடு கைக்கு எட்டுகிறது! தொண்டர்களின் இலவச உழைப்பும் நன்கொடையும் அதில் சேர்ந்திருப்பது உண்மைதான். ஆயினும் இத்தனை காலம் அவளை வாடகை வீடு வாடகை வீடாக விரட்டியது எது? அவளுடைய சோம்பலா? அந்த லாபமும் வட்டியும்தான் என்பதற்கு இந்தத் தர்ம ஸ்தாபனத்தின் கணக்குப் புத்தகமே சாட்சி சொல்கிறது.

சரி, எத்தனை பேருக்கு இந்தச் சாவி? 2024 ஜனவரியில் ஒரே இரவில் அமெரிக்க சர்க்காரே எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் 7,71,480 பேர். விடுமுறை நாள் சுத்தியல் இந்தக் கடலை எப்படி அடைக்கும்?

அடைத்திருக்க வேண்டியது சர்க்கார். 1949 வீட்டு வசதிச் சட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்ல வீடு என்று லட்சியம் எழுதி, 6 ஆண்டுகளில் 8,10,000 பொது வீடுகள் கட்ட அனுமதியும் தந்தார்கள். வீட்டுமனை வியாபாரிகளின் சங்கம் “சோஷலிசம் வந்துவிட்டது” என்று கூப்பாடு போட்டது. மறு வருஷமே கொரியா யுத்தம். குண்டுக்குப் பணம் இருந்தது, செங்கல்லுக்கு இல்லை. 6 ஆண்டில் இலக்கு எட்டப்படவில்லை. 1973 ஜனவரியில் நிக்சன் புதிய பொது வீடுகளுக்கான உதவியையே நிறுத்தி வைத்தார். பிறகு ரீகன் தம் பங்குக்கு வெட்டினார். 1998-இல் வந்த சட்டமோ எல்லாவற்றுக்கும் சிகரம்! 1999 அக்டோபர் 1 அன்று இருந்த எண்ணிக்கைக்கு மேல் மத்திய சர்க்கார் பணத்தில் பொது வீடுகளைப் பெருக்கக் கூடாதாம். வீடில்லாத ஜனங்கள் பெருகலாம், வீடு பெருகக் கூடாது!

சீமான்களுக்கு மட்டும் சர்க்காரின் கை தாராளம். வீட்டுக் கடனுக்குக் கட்டும் வட்டியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2017-இல் இதன் வரம்பைக் குறைத்தார்கள்; குறைத்த வரம்பே 7,50,000 டாலர் கடன்! இரண்டாவது வீட்டுக்கும் இந்தச் சலுகை உண்டு. கடற்கரை பங்களா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கனவான் எத்தனை மணி நேரம் மண்வெட்டி பிடித்தார்? அவர் யோக்கியதையை விசாரிக்க எந்தக் கமிட்டி கூடியது? பிள்ளைக்காரிக்குத்தான் பரீட்சை, பிரபுவுக்கு இல்லை.

அப்படியானால் பலர் கூடி உழைத்து வீடு கட்டுவதே தவறு என்கிறோமா? இல்லவே இல்லை. தென் அமெரிக்காவில் உருகுவே என்ற சின்னஞ்சிறு நாட்டைப் பாருங்கள். 1968-இல் வந்த சட்டத்தின் கீழ் அங்கே பரஸ்பர உதவிக் கூட்டுறவுகள் எழுந்தன. குடும்பத்துக்கு வாரம் 21 மணி நேர உழைப்பு. கடன் சர்க்காரிடமிருந்து. நிலமும் வீடும் கூட்டுறவின் சொத்து. குடும்பத்துக்கு வாழும் உரிமை. விற்று லாபம் அடிக்க வழி இல்லை. 1970-இல் இக்கூட்டுறவுகள் ‘ஃபூக்வாம்’ என்ற சம்மேளனமாகத் திரண்டன. ராணுவச் சர்வாதிகாரம் இவ்வீடுகளைத் தனித்தனிச் சொத்தாகப் பிரிக்கக் கிளம்பியபோது, 1984 பிப்ரவரியில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 3 லட்சத்துக்கு மேல் கையெழுத்துத் திரட்டி எதிர்த்தார்கள். மறு வருஷம் அந்த ஆட்சியே ஒழிந்தது.

1990-களில் தலைநகர் மாண்டிவிடியோவின் பழைய நகரப் பகுதியில், குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்களே ‘மூகெஃபா’ என்ற கூட்டுறவு அமைத்தார்கள். பழைய கட்டடம் ஒன்றைக் கூடி உழைத்துப் புதுப்பித்து, பிள்ளைகளோடு அதில் குடியேறினார்கள்.