நிரம்பிய டீ கிளாஸ்! கொலைகாரன் யார்?

கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டில் துப்பறியும் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேஜைமேல் பாதி டீயோடு ஒரு கிளாஸ். மறுபடி காட்டும்போது கிளாஸ் நிறைய டீ! “நடுவில் எவனோ வந்துபோயிருக்கிறான். அவன்தான் கொலைகாரன்” என்றார் மாமியார். ஒருவனும் வரவில்லை. படம் பிடித்தவர்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

குடும்பக் கதையில் வளையல் நிறம் மாறினால் சிரித்துவிடலாம். குற்றக் கதையில் ஒவ்வொரு பொருளும் தடயம். பொய்த் தடயம் காட்டினால் அது பார்ப்பவரை ஏமாற்றுவதுதான்.

படப்பிடிப்பு கதை வரிசையில் நடப்பதில்லை. கதவுக்கு வெளியே நிற்பதை இன்று எடுப்பார்கள். உள்ளே நுழைவதைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள். கதையிலோ அது ஒரே நிமிஷம்! சட்டைக் கை எத்தனை மடிப்பு, காயம் எந்தக் கன்னத்தில், கடிகாரத்தில் மணி என்ன என்று ஓர் உதவி டைரக்டர் குறித்துக்கொள்கிறார். போட்டோவும் எடுத்துவைக்கிறார். இதற்குக் ‘கன்டினியூட்டி’ என்று பெயர்.

2022-ல் வந்த ‘சுழல்’ தொடருக்கு பிரம்மா, அனுசரண் என்று இரண்டு டைரக்டர்கள். எட்டுப் பாகம். சிமெண்டுத் தொழிற்சாலையில் தீ, காணாமற்போன பெண், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. இரண்டு கை சமைத்தும் ருசி மாறக்கூடாதே!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது புரியும். ஷிப்டு முடிகிறவர் நோட்டில் எழுதாவிட்டால், எந்த வால்வு மூடியிருக்கிறது என்று அடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

அந்த உதவி டைரக்டரின் பெயர் கடைசியில்தான் ஓடும். அதற்குள் அடுத்த பாகத்துக்குத் தாவிவிடுகிறோம். இது நியாயமா? பெயர் வரும்வரை ரிமோட்டைத் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். மாமியார்தான் கேட்கமாட்டேன் என்கிறார்.